மெத்தை அடித்த சுவரும் பன்னிரண்டு அடி வயரும்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, திருகோணமலையில் பழைய றேடியோக்காரன் ஒருவன் இருந்தான், காதை வைத்தே எந்தச் செற்றில் என்ன பிழை என்று சொல்லிவிடுவான் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கதையைப் பரப்பியவன் நான்தான். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு சின்னக் கடைக்குள் குந்தியிருந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஊரை நம்ப வைத்தேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி என்னிடம் திருத்த ஒருவரும் செற் கொண்டு வரப்போவதில்லை என்பதால், அந்தக் காதின் இலட்சணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் பாட்டுக் கேட்கும் அறைக்குச் சுவரில் ஸ்பொஞ்ச் ஒட்டுவது பற்றி உங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். எத்தனை அங்குலத் தடிப்பு, எந்தப் பசை, எந்த மூலை என்றெல்லாம் கேள்வி. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் கிண்ணியாவில் ஒரு வீட்டு முன் ஹோலில் வைத்துத்தான் அதைப் படித்தேன். படித்த விதம் அவ்வளவு மரியாதையானதல்ல.

முதலில் என் வீட்டுக் கூத்தைச் சொல்ல வேண்டும். பாலையூற்றில் எங்கள் முன்னறைக்குச் சீமெந்துத் தரை, சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். அங்கே ஒரு நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டால் இரண்டு கச்சேரி கேட்கும். ஒன்று பெட்டியிலிருந்து வருவது, மற்றது சுவரில் பட்டுத் திரும்பி வருவது. தேயிலை ஏற்ற வந்த கப்பலின் மாலுமி ஒருவர், தன் றேடியோவைத் திருத்திக்கொண்டு போகும்போது ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைக் கடையில் விட்டுவிட்டுப் போனார். சுவருக்கு ஸ்பொஞ்ச் ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்று அதில் படம் போட்டு எழுதியிருந்தது. கட்டுரையின் கடைசிப் பக்கம், செய்யக்கூடாதவை என்ன என்று சொல்லத் தொடங்குகிற பக்கம், அதில் இல்லை. நான்தான் அதைக் கிழித்து வடை சுற்றினேன் என்று மனைவி அடித்துச் சொன்னார். வடை நினைவிருக்கிறது. பக்கம் நினைவில்லை.

கடைசிப் பக்கம் இல்லாமலே வேலையைத் தொடங்கினேன். துறைமுகத்தடியில் கப்பல் கழிவுச் சாமான் விற்கும் கடையொன்றில், மாலுமிகள் படுத்துத் தேய்ந்த ஸ்பொஞ்ச் மெத்தைகள் குவிந்து கிடந்தன. ஆறு மெத்தை எடுத்தேன். டீசல் மணமும் யார் யாருடையதோ வியர்வை மணமும் சேர்ந்து வீட்டுக்கு வந்தன. குசினிக் கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்டி, சைக்கிள் ரியூப்புக்குப் பூசுகிற சொலூசன் தடவிச் சுவரில் ஒட்டினேன். எங்கள் கடற்காற்றின் உப்புக்கு அந்தச் சொலூசன் மூன்று நாள்தான் தாக்குப்பிடித்தது. நாலாம் நாள், இசை கேட்க வரச்சொல்லி நானே வருந்தி அழைத்த மைத்துனரின் தலையில், தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகிற நேரம் பார்த்து, ஒரு துண்டு விழுந்தது. பிறகு சின்ன ஆணியும், ரியூப்பிலிருந்து வெட்டிய வட்டமும் வைத்து அடித்தேன். அது நின்றது. மைத்துனர்தான் அதற்குப் பிறகு வரவில்லை.

ஆனால் அறை அடங்கியது உண்மை. கையைத் தட்டினால் தட்டின சத்தம் அந்த இடத்திலேயே செத்தது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். மனைவிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"இஞ்ச நிண்டு கதைச்சா என்ர சத்தமே எனக்குக் கேக்கேல்லை. உங்களோட சண்டை பிடிக்கிறதெண்டாலும் குசினிக்குத்தான் வரவேண்டிக் கிடக்கு" என்றார்.

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் உள்ளே கால் வைத்ததும் இரண்டு தரம் கைதட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. செத்த வீட்டில்கூட ஒரு தரம் தட்டி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்தப் புகழ் குடாவைக் கடந்து கிண்ணியாவுக்குப் போயிருந்தது. அங்கிருந்து ஹனீபா நானா (அண்ணனை அங்கே நானா என்பார்கள்) என் கடைக்கு வந்தார். நெல் வியாபாரி, பெரிய மனிதர், பெரிய குரல். அவருடைய மகன் றபீக் வேலைக்காக அரபு நாட்டுக்குப் போய் இரண்டு வருடம். அவன் அனுப்பிய ஜப்பான் கசெற் செற், இடுப்புயர ஸ்பீக்கர்ப் பெட்டிகள் இரண்டோடு ஹோலில் நிற்கிறதாம். பாட்டுப் போட்டால் பரவாயில்லையாம். மகனின் கசெற்றைப் போட்டால்தான் கரைச்சலாம்.

"கிணத்துக்குள்ள நிண்டு பேசுற மாதிரி இரிக்கி தம்பி. நாங்க இங்க பதிஞ்சு அனுப்பினா அவனுக்கும் அப்பிடித்தானாம். உங்கட வீட்டுச் செவருக்குச் செஞ்சத என்ட வீட்டுக்கும் செஞ்சு தாங்க."

இந்தக் கசெற் விவகாரம் உங்கள் வயதுக்காரருக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்குத் தொலைபேசி எல்லா வீட்டிலும் இல்லை. அரபு நாட்டுக்குப் போன பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அது வந்த அன்று அயலட்டையில் உள்ள ஆண்களெல்லாம் ஹோலில் கூடுவார்கள். அதே இடத்தில் வேலை செய்கிற மற்றப் பிள்ளைகளின் செய்தியும் அதில் இருக்கும். பிறகு கசெற் அந்தந்த வீடுகளுக்கும் போகும். கொண்டு வந்தவர் திரும்பிப் போகும் நாளில், அதே கசெற்றில், வந்த பேச்சின் மேலேயே பதிலைப் பதிந்து கொடுத்துவிடுவார்கள். புதுக் கசெற் ஊரில் லேசில் கிடைக்காது. ஆகவே வந்த குரல் அந்தச் சில நாளுக்கு மட்டும்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளை பேசத் தொடங்கினால் முதல் பேச்சு உம்மாவுக்கு. ஊரிலிருந்து பதில் பேசும்போதும் முதலில் பேசுவது உம்மா.

இவ்வளவையும் நானா எனக்குச் சொன்னார். நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டியபடி ஹோலின் நீள அகலத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணியாவுக்கு அப்போது பாலமில்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பதினாறு மெத்தையை அதில் ஏற்றினேன். கூட வந்தவர்கள் தயங்காமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஆருக்குத் தம்பி இவ்வளவு மெத்தை? கலியாண வீடோ?" என்று ஒரு பெரியவர் விசாரித்தார்.

"இல்லை ஐயா, சுவருக்கு."

அவர் மெல்ல எழுந்து மிதவையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

ஹனீபா நானாவின் ஹோல் நல்ல பெரியது. பளபளவென்று மினுக்கிய தரை. நுழைந்ததும் வழக்கம்போல் கைதட்டினேன். கிணறு என்று அவர் சொன்னது சரிதான். எதிரே உள்வீட்டுக்குப் போகும் வாசல், அதில் ஒரு பூப்போட்ட திரை. வெளி ஆண்கள் வந்தால் வீட்டுப் பெண்கள் அந்தத் திரைக்கு அப்பால்தான். நானாவின் மனைவியை நான் அன்றும் பார்க்கவில்லை, பிறகும் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். அக்காவை அங்கே சொல்வது போல ராத்தா என்று கூப்பிடுவேன். நான் வேலை செய்த ஐந்து நாளும் திரைக்குக் கீழால் தேநீரும் சாப்பாடும் வந்தன. மெத்தைகளின் மணம் போக அவரே ஆள் வைத்துக் கழுவி, வேலியில் இரண்டு நாள் காயப்போட்டார். ஒழுங்கையால் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

சாப்பிடும்போது நானா ஒரு விஷயம் சொன்னார். றபீக்கிடமிருந்து கசெற் வந்து ஏழு மாதமாம். இடையில் ஒரே ஒரு கடிதம், சுகமாக இருப்பதாக. ஆனால் அதிலிருந்தது றபீக்கின் எழுத்தல்ல. அவனுக்குக் கையில் ஏதோ காயம் என்று வந்தவர் ஒருவர் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்.

"இவ சரியாச் சாப்பிடுறா இல்ல" என்று திரையின் பக்கம் கையைக் காட்டினார். "கடிதத்தில என்னத்தையும் எழுதலாமாம். அவன்ட கொரல ஒருக்காக் கேட்டாத்தான் நம்புவாவாம். மூதூர்ப் பொடியன் ஒருத்தன் லீவில வாறான். அவன் கையில கசெற் வருகுது. அதுக்கு முந்தி அறைய முடிச்சுத் தாங்க தம்பி."

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். யாருக்காக இந்த அறை, யார் கேட்க வேண்டும், எங்கே இருந்து கேட்பார், எல்லாவற்றையும் அந்த மனிதர் சோற்றுத் தட்டோடு சேர்த்து என் முன்னால் வைத்துவிட்டார். நான் மீன் பொரியலைத்தான் பார்த்தேன்.

சாப்பாடு முடிய எழுந்து போய், ஹோலின் நடுவே தரையில் சோக்கட்டியால் இரண்டு கோடு குறுக்காகக் கீறி ஒரு புள்ளடி போட்டேன். "நானா, உங்கட கதிரை இதில. இதில இருந்து கேட்டாத்தான் கேள்வி" என்றேன். மூன்று சுவருக்கும் மெத்தை அடித்தேன். புள்ளடியில் உட்கார்ந்து கைதட்டினேன். அடங்கியது. ஆனால் முழுதாக அடங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்த உள்வாசல்.

"நானா, சத்தம் அதால உள்ளுக்கு ஓடுது. அதை அடைக்க வேணும்."

"பொம்புளையள் போய் வாற வாசல் தம்பி. எப்பிடி அடைக்கிற?"

"அடைக்கத் தேவையில்லை. திரைக்குள்ள ஸ்பொஞ்ச் வைச்சுத் தைச்சால் போதும்."

தைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ராத்தாதான். இரட்டைத் துணிக்குள் என் மெத்தைத் துண்டுகளை வைத்து, கைமெஷினில் இரண்டு நாள் பின்னேரம் முழுக்கத் தைத்தார். நான் இந்தப் பக்கம் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"தம்பி, இதப் போட்டா உள்ளுக்குச் சத்தம் வராதோ?"

"ஒரு சொட்டும் வராது ராத்தா!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

கத்தரியால் ஒரு நூலை வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு "சரி" என்றார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. தைத்துத் தந்த திரை அச்சடித்தது போல நேராக விழுந்தது. என் வேலையை மெச்சித்தான் அப்படிக் கேட்டார் என்று அன்று முழுக்க எனக்குப் பெருமை.

கசெற் வந்தது. மூதூர்ப் பையனும் ஊர் ஆண்கள் பத்துப் பதினைந்து பேரும் ஹோலில். நானா புள்ளடிக் கதிரையில். நான் செற்றுக்குப் பக்கத்தில், குமிழ்களில் கை வைத்தபடி. கசெற்றைப் போட்டேன். றபீக்கின் குரல் வந்தது. நல்ல தெளிவு, எதிரொலி துளியும் இல்லை. ஆனால் குரலில் ஒரு கரகரப்பு. எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டு அறையை அடக்கிய பிறகு கரகரப்பா? பெட்டியில் பிழையோ, நாடாவில் பிழையோ என்று நிறுத்தி, பின்னால் சுற்றி, கூர்மையான மேல்சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி போட்டேன். இன்னும் இருந்தது. திரும்பவும் சுற்றினேன். இப்படி நாலு தரம். கூடியிருந்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள். "மெக்கானிக் வேலை செய்யிறார், சத்தம் போடாதீங்க" என்று ஒருவர் மற்றவரை அடக்கினார். நாலாம் முறை கரகரப்புப் போய்விட்டது. குரல் வானொலியில் செய்தி வாசிக்கிறவரின் குரல் போல வழுவழுவென்று வந்தது. கசெற் கடைசி வரை ஓடி முடிந்ததும் நானா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்தில இருந்து பேசின மாதிரி இரிந்திச்சு தம்பி."

திரைக்குக் கீழால் இனிப்பு வட்டிலாப்பம் வந்தது. இரண்டு கோப்பை சாப்பிட்டேன்.

கூடியிருந்தவர்கள் எழும்பும்போதே கசெற்றும் அவர்களோடு மற்ற வீடுகளுக்குச் சுற்றப்போனது, பதில் பதிகிற நாள் வரை திரும்பி வரவில்லை. ஒரு கிழமை கழித்து, மூதூர்ப் பையன் திரும்பிப் போகிற நாளன்று, பதில் பதிவதற்கு நானா என்னைக் கூப்பிட்டார். பையன் பெட்டி படுக்கையோடு வந்து ஹோலில் உட்கார்ந்திருந்தான். பின்னேரம் பாதையில் குடாவைக் கடந்து கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும். நேரம் ஒன்றும் தாராளமாக இல்லை. மைக்கைத் திரைக்குக் கீழால் உள்ளே கொடுத்தேன். டொக்யார்ட்டில் ஏலத்தில் எடுத்த பழைய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி, பதியும் கட்டையை அமத்தினேன்.

"பேசுங்கோ ராத்தா."

ஸலாம் சொன்னார். வாப்பாவின் சுகம் சொன்னார். மூத்தவள் வீட்டுப் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியதைச் சொன்னார். மாமரம் இந்த முறை காய்த்ததைச் சொன்னார். குரல் என் காதுக்குள் அவ்வளவு துலக்கமாக விழுந்தது. மெத்தைச் சுவரின் அருமையை நினைத்து நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் போயிருக்கும்.

"மகன், நீ பேசி அனுப்பினது எனக்குக் கேக்கல்ல" என்றார் ராத்தா. "வாப்பா ஆசப்பட்டுச் செவருக்கு மெத்த அடிச்சிரிக்கார். அந்த மெக்கானிக் தம்பியும் நல்லாக் கஷ்டப்பட்டவர். அதால நான் ஒண்டும் சொல்லல்ல. உம்மா எண்டு நீ கூப்பிட்டது மட்டும் நாலு தரம் கேட்டிச்சு. அதுக்குப் பொறகு ஒண்டும் விளங்கல்ல. உன்ட கைக்கு என்ன மகன்? அடுத்த முற கொஞ்சம் சத்தமாப் பேசு."

என் விரல் தானாகப் போய் நிறுத்தும் கட்டையை அமத்தியது.

ஹெட்போன் என் காதில் மட்டும்தான். ஹோலில் இருந்த ஒருவருக்கும் அவர் பேசியது கேட்கவில்லை. ஸ்பொஞ்ச் திரை அல்லவா. "என்ன தம்பி, வயர் கழண்டிட்டா?" என்றார் நானா. நான் நினைத்திருந்தால் ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். கட்டையை மறுபடி அமத்தினால் ராத்தா மிச்சத்தையும் பேசி முடிப்பார், பையன் ரயிலைப் பிடிப்பான், என் பேர் கெடாமல் இருக்கும். ஒரு நிமிடம் அப்படியும் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் நாடா ஓட ஓட என்ன அழிந்துகொண்டிருக்கிறது என்பது அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். முதல் பேச்சு உம்மாவுக்கு. உம்மாவின் முதல் பேச்சு அதன் மேலேயே ஏறியிருக்கிறது. அவருக்கு வந்ததை அவர் வாயாலேயே நான் அழிப்பித்திருக்கிறேன்.

"நானா, என்னில பிழை" என்றேன். "ராத்தாக்கு அந்தக் கசெற் கேக்கேல்லை. நான் அடிச்ச மெத்தையாலதான். இப்ப நாலு நிமிசம் அழிச்சும் போட்டன்."

நானாவின் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "கேக்கல்லயா?" என்று வாயசைத்தார். பிறகு எழுந்து திரையண்டை போய், "நீ ஏன் புள்ள சொல்லல்ல?" என்றார். உள்ளே இருந்து பதில் வந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. என் பையில் பன்னிரண்டு அடி வயர் கிடந்தது. எப்போதும் கிடக்கும். மைக்கை வெளியே வாங்கிக்கொண்டு, ராத்தாவைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லி, நானா திரையைத் தூக்கிப் பிடிக்க, ஒரு ஸ்பீக்கர்ப் பெட்டியை வாசலுக்குள் தள்ளி, உள்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து வயரைக் கொடுத்தேன். செய்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினாறு மெத்தையும் ஐந்து நாளும் ஒரு வடை சுற்றிய காகிதமும் செய்யாததை அந்த வயர் செய்தது. முதல் நாளே செய்திருக்கலாம்.

அழிந்த இடம் முடிகிற இடத்திலிருந்து போட்டேன். றபீக்கின் குரல் வாக்கியத்தின் நடுவிலிருந்து வந்தது.

"...அதால நீங்க யோசிக்காதீங்க உம்மா. சரி, இனி மாமாக்கு ஸலாம்."

அவ்வளவுதான். உம்மாவுக்கென்று அந்தக் கசெற்றில் மிஞ்சியது அந்த ஒரு வரி. மிச்சம் முழுதும் மாமாவுக்கும் சாச்சாவுக்கும் கூட்டாளிமாருக்கும். அதையும் ராத்தா கடைசி வரை கேட்டார். கையில் சின்னக் காயம், மாறிவிட்டது என்று மாமாவுக்குச் சொன்னதும் அதில் வந்தது. மூதூர்ப் பையன் மணிக்கூட்டைப் பார்த்தான். ஆனால் எழும்பவில்லை.

முடிந்ததும், பெட்டி விலக்கி வைத்திருந்த திரை இடைவெளியால் ராத்தா கேட்டார்.

"எதால யோசிக்க வேணாம் எண்டு சொன்னான்?"

"சொகமா இரிக்கன் எண்டுதான் சொன்னான்" என்றார் நானா.

"அத கடிதத்திலயும்தானே எழுதினான்." பிறகு, "மெக்கானிக் தம்பி, நீங்க நாலு தரம் போட்டுக் கேட்டீங்களே. என்ன சொன்னான்?"

ஹோலில் இருந்த இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காது என்னுடையது. அந்தத் தொடக்கத்தை நாலு தரம் கேட்டவன் நான். இப்போது ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை வேண்டும். எந்த இடத்தில் கீழ்ச்சத்தம் இடித்தது, எந்த எழுத்தில் சீறல் வந்தது, எந்தக் குமிழை எத்தனை கோடு திருப்பினேன், எல்லாம் நினைவிருக்கிறது. ஒரு தாய்க்கு மகன் என்ன சொன்னான் என்பது மட்டும் இல்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் சொல்லைக் கேக்கேல்லை ராத்தா" என்றேன். "சத்தத்தைத்தான் கேட்டனான்."

ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. கையில் இருந்தது ஒன்றே ஒன்று.

"தொடக்கத்தில குரல் கரகரத்தது. செற்றில பிழையெண்டு நினைச்சு நான்தான் திருகித் திருகி அதை எடுத்துப்போட்டன். மாமாவோட கதைக்கிற இடத்தில அது இல்லை. உங்களோட கதைக்கேக்க மட்டும்தான்."

ராத்தா திரைக்குக் கிட்ட வந்து பேசினார். அவருடைய குரலும் கரகரத்தது.

"அழுதிரிக்கான்" என்றார். "சின்னதிலயும் அப்பிடித்தான். அழுது முடிஞ்ச பொறகுதான் பேசுவான். மத்த ஆக்களிட்ட அழமாட்டான்." பிறகு சொன்னார்: "மைக்கத் தாங்க தம்பி."

கொடுத்தேன். விட்ட இடத்துக்குச் சுற்றி, பதியும் கட்டையை அமத்தினேன். "மகன், நீ அழுதது எனக்குத் தெரியும்" என்று தொடங்கினார். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். என் தொழிலில், பதிவு ஓடும்போது நான் காதைக் கழற்றியது அந்த ஒரு தடவைதான். பையன் ரயிலைப் பிடித்தானாம், ஓடிப்போய்.

ராத்தா அந்தத் திரையைப் பிரித்து ஸ்பொஞ்சை எடுத்துவிட்டார். அதில் ஒரு கதிரைத் திண்டு தைத்து நானாவிடம் எனக்குக் கொடுத்தனுப்பினார். ஓய்வு பெறும் நாள் வரை கடையில் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த மெத்தைகளைக் கழற்றித் தருகிறேன் என்றேன். நானா விடவில்லை. பதிவதற்கு நல்லது, இருக்கட்டும் என்றார். அது மட்டும் உண்மை.

அடுத்த கசெற் நாலு மாதம் கழித்து வந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. இரண்டு பெட்டியும் இப்போது உள்வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. புள்ளடி அழிந்துபோய், நானாவின் கதிரை திரையோரம் ஒதுங்கியிருந்தது. ஹோலில் இருந்த ஆண்களெல்லாம் கழுத்தை நீட்டி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார்கள். பாதி அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. றபீக்கின் வலது கையில் இரண்டு விரல் மடங்காது, ஆனால் வேலை போகவில்லை என்பதை ஊரே அறியும் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் வாசலுக்குக் கிட்ட இருந்தேன். குமிழைத் தொடவில்லை. அவன் உம்மாவுக்குப் பேசிய அந்த முதல் ஐந்து நிமிடமும், சொல்லுக்குச் சொல், இன்றைக்கும் எனக்குப் பாடம். ஆனால் அது எனக்கு வந்த கசெற் அல்ல. ஆகையால் எழுதவில்லை.